பெர்மிட்டு செத்தது யாரோட டிராயர்ல

“பாஸ்போர்ட்ட நான் என்ன வித்தா தின்னுட்டேன், அவன் தொலைச்சிருவான்னு பத்திரமா வெச்சிருக்கேன் லாயர்”னு ஒரு சாப்பாட்டுக்கடை முதலாளி என் மேசைக்கு முன்னால உக்காந்து சொன்னாரு. கெட்ட மனுஷன்னு சொல்லமாட்டேன், கோயில் திருவிழான்னா அன்னதானத்துக்கு முதல் ஆளா அரிசி மூட்டை எறக்குறவரு. அண்ணே, நம்ம மலேசியாவோட 1966 பாஸ்போர்ட் சட்டத்துல அடுத்தவங்க பாஸ்போர்ட்ட உரிமை இல்லாம கையில வெச்சிருந்தாலே குத்தம், 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், இல்ல 5 வருஷம் வரைக்கும் ஜெயிலு, ரெண்டும் சேத்தே குடுக்கலாம்னு சொன்னேன். முகம் மாறிப்போச்சு அவருக்கு. 20 வருஷமா கடை நடத்துறாரு, இத யாருமே சொன்னதில்லையாம்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல வக்கீலா இருக்கேன், 16 வருஷம் ஆச்சு. பாதி வேலை வீடு, நிலம், உயில். மீதி தொழிலாளர் கேஸு, அதுல பெரும்பாலும் தமிழ்நாட்டுல இருந்து கடை வேலைக்கு வந்த பசங்க. இத்தன வருஷத்துல பாத்த ஒரு விஷயத்த எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு.

அந்த முதலாளி டிராயர்ல பூட்டி வெச்சிருந்த பாஸ்போர்ட்டு சிவகங்கை பக்கத்துப் பையனோடது, வயசு 24. முறைப்படி வந்தவன், காலிங் விசா (முதலாளி பேருல வேலைக்கு முன்கூட்டியே குடுக்குற அனுமதி), மெடிக்கல், கைரேகை எல்லாம் எடுத்து கோலாலம்பூர் ஏர்போர்ட்டு கேஎல்ஐஏல இறங்கி வந்தவன். ஊர்ல ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபா, அம்மா தோடும் அக்கா செயினும் அடகுல. முதல் வருஷம் வேலை பெர்மிட்டு இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் முதலாளி லெவி, அதாவது வெளிநாட்டு ஆளுக்காக அரசாங்கத்துக்கு வருஷா வருஷம் கட்டுற வரி, கட்டல. சர்வீஸ் செக்டருக்கு ஆளுக்கு 1,850 வெள்ளி, 2018 ஜனவரில இருந்து அத முதலாளிதான் கட்டணும், தொழிலாளி சம்பளத்துல பிடிக்கக்கூடாது. கடை அந்த நேரம் நஷ்டத்துல ஓடுச்சு, அடுத்த மாசம் கட்டிக்கலாம்னு நெனச்சாரு, அடுத்த மாசம் வேற செலவு வந்துருச்சு. பையன் கேட்டப்பல்லாம் “நான் பாத்துக்கிறேன்பா” அவ்வளவுதான். அப்புறம் நாலு மாசம் சம்பளமும் நின்னுபோச்சு. சம்பளத்துக்கு கேஸ் போடலாமான்னு கேக்கத்தான் என்கிட்ட வந்தான், போன்ல இருந்த பாஸ்போர்ட் போட்டோவ பெருசு பண்ணிப் பாத்துட்டு நான்தான் சொல்ல வேண்டியதாப்போச்சு.

“தம்பி, உன் பெர்மிட்டு முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சுப்பா.”

“இல்லக்கா, முதலாளி ரினியூ பண்ணிட்டேன்னு சொன்னாரே.”

அவன் ஒரு வேலியும் தாண்டல, ஒரு போட்டுலயும் ஏறல. தினமும் அதே கடைல அதே தோசைக்கல்லு முன்னால நின்னுக்கிட்டு இருந்தவன், ஒருநாள் ராத்திரி 12 மணிக்கு அவனுக்கே தெரியாம கொசோங் ஆயிட்டான். பெர்மிட் இல்லாத ஆளத்தான் இங்க கொசோங்னு சொல்லுவாங்க, மலாய்ல காலின்னு அர்த்தம், பத்திரிகைல வரும்போது அதே ஆளுக்கு பாத்தின்னு (PATI) பேரு. பேரு எதுவானாலும் 1959/63 குடிநுழைவுச் சட்டம் 15ஆம் பிரிவுப்படி அவன் குத்தவாளி, குறைஞ்சது 10,000 வெள்ளி அபராதம், இல்லன்னா 5 வருஷம் வரைக்கும் ஜெயிலு. நம்மள போலீஸ் பிடிச்சா 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட்டு முன்னால நிறுத்தணும். வெளிநாட்டு ஆள குடிநுழைவுச் சட்டத்துல பிடிச்சா 14 நாள் வரைக்கும் நிறுத்தாம வெச்சிருக்கலாம், நம்ம அரசியலமைப்புலயே அப்படித்தான் இருக்கு. அந்த 14 நாள்ல சம்பள பாக்கிய பத்தி யாரு பேசுவா, சட்டை மாத்திக்கவே வழி இருக்காது.

எல்லைய இறுக்கிப் பிடிக்கணும்னு சொல்றவங்க கூட எனக்கு சண்டை இல்ல, நானும் அதத்தான் சொல்றேன். 2015ல தாய்லாந்து எல்லையோரம் பெர்லிஸ் வாங் கெலியான் காட்டுக்குள்ள ஆள் கடத்துறவங்களோட 28 முகாமும் 139 புதைகுழியும் கண்டுபிடிச்சாங்களே, அத படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஆள் கடத்துற போட்டுக்காரன், தேக்கோங்னு சொல்லுவாங்க, ராத்திரியில கடல்ல தள்ளிவிட்டுட்டுப் போற கதைய நேர்ல கேட்டிருக்கேன். தாய்லாந்து எல்லைல இருக்கிற சுங்கை கோலோக் ஆத்துல போட்டுல ஏறி கள்ளத்தனமா வந்து போறத 2024 டிசம்பர்ல இருந்து போலீஸ் தடுக்க ஆரம்பிச்சாங்க, நல்லது. 2025ல இருந்து வாசல் எல்லாத்துக்கும் சேத்து ஏகேபிஎஸ்னு தனி எல்லை அமைப்பே வந்துருச்சு, அதுவும் நல்லது. 2020 நவம்பர்ல, காசு வாங்கிக்கிட்டு கவுண்டர்ல முத்திரை குத்தி விடுற ‘கவுண்டர் செட்டிங்’ விவகாரத்துல இமிகிரேஷன் அதிகாரிங்க பலர ஊழல் தடுப்பு ஆணையம் பிடிச்சாங்க, அதையும் மறக்கக்கூடாது, ஏன்னா வேலி எவ்வளவு உயரமா இருந்தாலும் வாசல்ல நிக்கிறவன் கை நீட்டினா முடிஞ்சுது. இதெல்லாம் வேணும்தான். ஆனா என் ஆபிஸ் படி ஏறி வந்த பசங்கள்ல பெரும்பாலானவங்க இந்த எந்த வழியிலயும் வரல, முத்திரை குத்தி சிரிச்ச முகமா உள்ள விட்ட பசங்க. அவங்க பெர்மிட்டு செத்தது எல்லைல இல்ல, யாரோ ஒருத்தரோட டிராயர்ல.

2020 ஏப்ரல்ல கோவிட் நேரத்துல கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் ரெண்டையும் முள்கம்பி சுத்தி அடைச்சாங்க. அங்க இருந்தவங்கள்ல நெறைய பேரு நம்ம தமிழ் பேசுற கடை வேலைக்காரங்க. பயப்படாம டெஸ்டுக்கு வாங்க, பேப்பர் கேக்கமாட்டோம்னு முதல்ல சொன்னாங்க. மே 1ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்னைக்கு அந்த ஏரியாவுல ரெய்டு, நூத்துக்கணக்கான பேர ஏத்திக்கிட்டுப் போனாங்க. அன்னைக்கு எனக்கு வந்த போன்ல முக்காவாசி முதலாளிங்களோடது, “லாயர் என் ஆளு அஞ்சு பேரு உள்ள இருக்கான், பெர்மிட்டு ப்ராசஸ்ல இருக்கு”ன்னு. எத்தன மாசமா ப்ராசஸ்ல இருக்குன்னு கேட்டா பதில் இல்ல.

முதலாளிங்க பக்கமும் ஞாயம் இருக்கு, அத சொல்லாம விட்டா நான் ஒருதலையா எழுதுன மாதிரி ஆயிரும். முடிவெட்டுற கடை, ஜவுளிக்கடை, நகைப்பட்டறை இந்த மூணுக்கும் 2009ல இருந்து வெளிநாட்டு ஆள் எடுக்க தடை. நம்ம ஆளுங்க தலைமுறையா செஞ்சிக்கிட்டு வந்த தொழிலு இது. 2023 செப்டம்பர்ல பிரதமர் அன்வார் 7,500 பேருக்கு அனுமதின்னு அறிவிச்சாரு, அதுக்கு நடுவுல 14 வருஷம் ஓடிப்போச்சு. அந்த 14 வருஷத்துல என்ன நடந்துச்சு, ரெஸ்டாரண்ட் பெர்மிட்ல வந்தவன் முடி வெட்டுனான். பெர்மிட்ல எந்த முதலாளி பேரு, எந்த செக்டர்னு இருக்கோ அங்கதான் வேலை பார்க்கணும், மாறினா குடிநுழைவு விதிமுறை 39(பி)ய மீறின குத்தம். கத்தரி பிடிச்ச கையோட பிடிபட்ட ஒரு பையன், “அக்கா எனக்கு சமைக்கவே தெரியாது, என் அப்பாவும் முடிதான் வெட்டுனாரு, எனக்கு ஏன் சமையல் பெர்மிட் குடுத்தாங்க”ன்னு கேட்டான். பதில் சொல்ல முடியாம உக்காந்திருந்தேன்.

அடுத்து எல்லாரும் சொல்றது, லோக்கல் பிள்ளைங்க இந்த வேலைக்கு வரமாட்றாங்க, சோம்பேறிங்க ஆயிட்டாங்கன்னு. இது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. என் பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் எஸ்டேட்ல விடியக்காலம் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்னு பால்மரம் (ரப்பர்) வெட்டுனவங்க, வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்கு தலைக்காசுன்னு இருந்த காலத்துக்கதைய அவங்க அம்மா சொல்லக் கேட்டு எனக்கு சொன்னவங்க. பாட்டியோட அண்ணன் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. 1968ல வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு அப்புறம் குடியுரிமை இல்லாதவங்க பெர்மிட் இல்லாம வேலை செய்யமுடியாதுன்னு ஆச்சு, பெர்மிட் கெடைக்காம பினாங்குல ரஜுலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்துக்குப் போனவரு திரும்பி வரவே இல்ல. ஒரே காயிதத்துல மனுஷன் அந்நியன் ஆகுறது நம்ம வீட்டுக்குப் புதுசு இல்ல. இப்ப நம்ம வீட்டுலயே பிள்ளைக்கிட்ட, ரோட்டோரம் லொங்காங் (சாக்கடை) அள்ளுற பங்களாதேஷ்காரர காட்டி “படிக்கலன்னா நீயும் இப்படித்தான் நிப்ப”ன்னு சொல்றோம், அவரு காதுல விழற தூரத்துல நின்னுக்கிட்டு சொல்றோம், அப்புறம் பிள்ளை கடை வேலைக்குப் போகமாட்றான்னு குறை சொன்னா எப்படி.

வேலை கேவலம் இல்ல, அத குடுக்குற விதம்தான் பிள்ளைங்கள துரத்துது. சட்டப்படி வாரம் 45 மணி நேரம், வாரத்துல ஒருநாள் ஓய்வு, அதுக்கு மேல செஞ்சா ஒண்ணரை மடங்கு ஓவர்டைம், 2025 பிப்ரவரில இருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, சின்னக் கடைங்களுக்கு ஆகஸ்ட்ல இருந்து. இத முழுசா குடுக்குற கடைல லோக்கல் பிள்ளைங்க வேலை பார்க்குறத நான் பாத்திருக்கேன். விடியக்காலம் 5 மணில இருந்து ராத்திரி 7 வரைக்கும், மாசம் ரெண்டு நாள் லீவுன்னா சொந்தப் பிள்ளைய யாரு அனுப்புவா? ஒரு முதலாளியே என்கிட்ட வாய்விட்டு சொன்னாரு, “லோக்கல் பையன் மூணாவது நாளு லேபர் ஆபிஸுக்கு போயிருவான் லாயர், இவன் எங்க போவான்?” முழு விஷயமும் அந்த ஒரு பேச்சுல அடங்கிருச்சு. வாய் திறக்க முடியாதவன் செய்யுற வேலைக்கு விலை தானா இறங்கும், அந்த விலைக்கு நம்ம பிள்ளை வரமாட்டான், உடனே இன்னொரு வாயில்லாத ஆள் தேவைப்படும். 2018ல மனிதவள அமைச்சரா இருந்த குலசேகரன், சமையல்காரங்க உள்ளூர்க்காரங்களாத்தான் இருக்கணும்னு பேச ஆரம்பிச்சப்ப கடைக்காரங்க கொதிச்செழுந்தாங்க, பேச்சு அப்படியே அடங்கிப்போச்சு. அன்னைக்காவது சமையக்கட்டு சம்பளத்தப் பத்தி பேசியிருக்கணும்.

முதலாளிங்களா இத படிக்கிறவங்க தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் நில்லுங்க. பெர்மிட் இல்லாத ஆள வேலைக்கு வெச்சா குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவுல தலைக்கு 10,000ல இருந்து 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 12 மாசம் வரைக்கும் ஜெயிலும் போடலாம், அஞ்சு பேருக்கு மேல இருந்தா ஆறு மாசத்துல இருந்து 5 வருஷம் ஜெயிலு, கூட ரோத்தான் (பிரம்பு) அடி. கடைக்கு மேல ரூம் விட்ட வீட்டுக்காரருக்கும் தனிப் பிரிவு இருக்கு. மிரட்டி வேலை வாங்குனா 2023 ஜனவரில இருந்து கட்டாய உழைப்புன்னு தனிக் குத்தம், 100,000 வெள்ளி வரைக்கும் அபராதம். 1,850 மிச்சம் பண்ணப் போயி கடையே போன ஆள எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு இத அனுப்புங்க, இதுதான் இப்ப எனக்கு பெரிய கவலை. 2023 டிசம்பர் 1ல இருந்து இந்தியாக்காரங்களுக்கு 30 நாள் விசா வேண்டாம்னு மலேசியா அறிவிச்சதுல இருந்து ஏஜெண்டுங்க, “சும்மா டூரிஸ்டா ஏறிப்போ, அங்க இறங்குனதும் பெர்மிட் மாத்திக்குடுப்பாங்க”ன்னு ஊர் ஊரா சொல்லிக்கிட்டு திரியிறாங்க. மாத்த முடியாது. சுத்திப்பாக்க வந்தவன் சுத்திப்பாக்கத்தான் முடியும். கடை வேலைக்கு வர்றவனுக்கு காலிங் விசா ப்ளேன் ஏறுறதுக்கு முன்னாடியே கையில இருக்கணும், அதுல முதலாளி பேரு இருக்கணும். பத்தாவது முடிக்காதவங்க பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு இருக்கும், அவங்க மலேசியாவுக்கு வேலைக்கு வர இந்திய அரசாங்கத்தோட கிளியரன்ஸும் வேணும். ஏஜெண்டு பதிவு பண்ணவரான்னு இந்திய அரசாங்கத்தோட இமைக்ரேட் (eMigrate) வெப்சைட்ல பாக்கலாம், அவரு சட்டப்படி வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம் கேட்டா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க. இங்க வந்துட்ட பசங்களுக்கு ஒண்ணு, பெர்மிட் முடியுற தேதிய உங்க போன்ல போட்டு வைங்க, சம்பளம் நின்னா பெர்மிட் உயிரோட இருக்கும்போதே லேபர் ஆபிஸ் போங்க, காசு கட்டவேண்டாம், வக்கீலும் வேண்டாம், ஆதாரம் மட்டும் வேணும்.

சிவகங்கைப் பையன்கிட்ட இருந்த ஆதாரம் ஒரு 555 நோட்டு. மளிகைக்கடைல கடன் எழுதுற அந்தச் சின்ன நோட்டுதான், ரப்பர் பேண்டு போட்டு சட்டைப் பைல வெச்சிருந்தான், ஓரமெல்லாம் எண்ணெய் ஊறி மஞ்சள் கறை. ஒவ்வொரு பக்கத்துலயும் தேதி போட்டு “5.10 மாவு, 6 அடுப்பு, 3 சாப்பாடு, 7.20 முடிஞ்சது”, சில நாள் “லீவு இல்ல”, ஒருநாள் மட்டும் “கை சுட்டுக்கிச்சு, கிளினிக் 45 வெள்ளி, நான் குடுத்தது”ன்னு. 14 மாசம் ஒருநாள் விடாம எழுதியிருந்தான். லேபர் ஆபிஸ்ல அந்த நோட்ட மேசைல வெச்சதும் முதலாளி கொஞ்ச நேரம் புரட்டிப் பாத்தாரு, அதுக்கு மேல ரொம்ப பேசல. பாக்கி 6,000 வெள்ளி, 4,500க்கு ஒத்துக்கிட்டு அங்கயே குடுத்தாரு, பாஸ்போர்ட்டும் குடுத்தாரு. முழுசா வாங்கித்தர முடியலன்னு எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல. அது 2024, நாடு திரும்புறவங்களுக்கான திட்டம் மார்ச்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஓடிக்கிட்டு இருந்துச்சு, 500 வெள்ளி காம்பவுண்டு அபராதம் கட்டி சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து ஜெயிலுக்குப் போகாம ஊருக்குக் கிளம்பினான்.

கிளம்புற அன்னைக்கு ஆபிஸுக்கு வந்தான். கேஸு முடிஞ்சதும் ஃபைல என் கிட்டயே வெச்சுக்குவேன், அந்த 555 நோட்டும் அதுக்குள்ள இருந்துச்சு.

“அக்கா, அந்த நோட்டு எனக்கு வேணும்.”

“எதுக்குப்பா, காசுதான் வந்துருச்சே.”

“அம்மா கிட்ட காட்டணும்க்கா. நாலு மாசம் காசு அனுப்பல, நான் இங்க ஊதாரித்தனமா சுத்துறேன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க.”

ஃபைலுக்கு போட்டோகாப்பி எடுத்துக்கிட்டு நோட்ட அவன் கையில குடுத்தேன். ரப்பர் பேண்ட திரும்ப மாட்டி, பாஸ்போர்ட்டுக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போனான்.