எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போகும் முன் வாந்தியைப் பற்றிக் கேளுங்கள்

போன செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்கு ஒரு பெண்ணைக் கணவரும் அண்ணனும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்கள். வயது 34. ஆறு வாரத்துக்கு முன்னால் வெளியூரில், எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். காலை அகட்டி அகட்டி வைத்தார். "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது டாக்டர்" என்றார். என் விரலைப் பார்க்கச் சொல்லிப் பக்கவாட்டில் நகர்த்தினேன். கண்கள் பாதி வழி வந்து நின்று துடித்தன. அன்று என்ன கிழமை என்று கேட்டதற்குக் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளா வாந்தி?" என்று கணவரிடம் கேட்டேன்.

"மூணு வாரமா இருக்கு சார். ஆபரேஷன் பண்ணா அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. எடையும் நல்லா குறைஞ்சுது, அதனால பெருசா எடுத்துக்கல. முந்தாநாள் ரொம்ப முடியலன்னதும் பக்கத்து கிளினிக்ல ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினோம்."

இதே கதையை இந்த வருடம் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் இந்த ஆபரேஷனைச் செய்யும் சர்ஜன் கிடையாது, சிறிய ஊரில் பொதுமருத்துவம் பார்ப்பவன். ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியவர்கள் உடம்பு முடியாமல் போனால் முதலில் என்னைப் போன்றவர்களிடம்தான் வருகிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வந்திருந்தது தயமின் குறைபாடு, அதாவது வைட்டமின் பி1. இதை நம் உடம்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமித்து வைக்காது. சாப்பாடு கால் டம்ளராகி, அதுவும் வாந்தியாகப் போனால், கையிருப்பு சீக்கிரமே தீர்ந்துவிடும். முதலில் அடிவாங்குவது மூளையும் நரம்பும். அந்த நிலையில் குளுக்கோஸை ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் கொஞ்சம் தயமினும் செலவாகிறது. தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் அப்புறம். கிளினிக் நடத்தும் சக மருத்துவர்களுக்கும் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வாந்தி வந்தால் ஆபரேஷன் "வேலை செய்கிறது" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள். ஆபரேஷன் வேலை செய்வது பசி குறைவதிலும், நாலு வாயிலேயே வயிறு நிறைவதிலும். அவசரமாக விழுங்கினால், மெல்லாமல் சாப்பிட்டால், ஒன்றிரண்டு முறை வாந்தி வரலாம், சரி. நாள்தோறும் வந்தால் அது நோய். வயிறு ஓரிடத்தில் குறுகியிருக்கலாம், முறுக்கியிருக்கலாம், புண் இருக்கலாம். இரண்டு நாளைக்கு மேல் எதுவும் தங்கவில்லை என்றால் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போடுங்கள். எடை வேகமாக இறங்குகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அந்தப் பெண் வாரக்கணக்கில் குடித்ததெல்லாம் பச்சரிசிக் கஞ்சித் தண்ணீர். தீட்டிய பச்சரிசியில் தயமின் மிகக் குறைவு, புழுங்கல் அரிசியிலாவது கொஞ்சம் தங்கியிருக்கும்.

சரி, ஆபரேஷனுக்கு முன்னால் வருவோம். இது கொழுப்பை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். கொழுப்பை யாரும் தொடுவதில்லை. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நிரந்தரமாக வெட்டி எடுத்துவிடுவார்கள், திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் என்ற இன்னொரு வகையில் குடலின் பாதையையே மாற்றுகிறார்கள். சர்க்கரை நோயோடு கூடிய கடும் உடல்பருமனுக்கு இது உண்மையிலேயே நல்ல சிகிச்சை. இன்சுலினை நிறுத்தியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அழகுக்கான சிகிச்சை கிடையாது. 158 செ.மீ. உயரம், 64 கிலோ எடையுள்ள மகளைக் கூட்டிவந்து, "கல்யாணத்துக்கு நாலு மாசம் இருக்கு" என்று சொன்ன அம்மாவைக் கண்டிப்போடு திருப்பி அனுப்பினேன். அவளுடைய பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 26கூட இல்லை. 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலில் ஆசியர்களுக்கென்று தளர்த்திய அளவே 27.5. அதுவும் எல்லாப் பரிசோதனைக்கும் பிறகுதான்.

பரிசோதனை என்றதும் பேக்கேஜில் என்னென்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். எண்டோஸ்கோபி, தைராய்டு, பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி, இவற்றை முன்கூட்டியே பார்த்துக் குறையைச் சரிசெய்துவிட்டுப் போங்கள். குறட்டை பலமாக இருந்தால் தூக்கப் பரிசோதனை கட்டாயம், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் அதிகமுள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம். பீடி, சிகரெட்டை நிறுத்தாமல் மேஜையில் ஏறாதீர்கள். குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலே சட்டென்று தலைக்கேறும், தயமினையும் கெடுக்கும்.

குழந்தைக்காக இந்த ஆபரேஷனுக்குப் போகும் பெண்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருந்து வருடக்கணக்கில் தள்ளிப்போன கர்ப்பம், எடை இறங்கியதும் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் வந்துவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை அது வேண்டாம். உடம்பு கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் குழந்தைக்குக் கொடுக்க அதனிடம் சத்து இருக்காது. பைபாஸ் என்றால் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. மாமியார் என்ன சொன்னாலும் டாக்டர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போடுங்கள்.

அப்புறம் மாத்திரை. "உடம்பு குறைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு சத்து மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் கையிருப்பு இருப்பதால், நிறுத்தியதும் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்துப் பாதம் மரத்துப்போய் வருவார்கள், ஆபரேஷன் செய்ததையே சொல்ல மறந்திருப்பார்கள். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான், இட்லியில் 2 கிராம் தேறினால் அதிகம். இந்தக் கணக்கை டயட்டீஷியனோடு உட்கார்ந்து போட்ட பிறகு தேதி குறியுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பழைய அளவிலேயே தொடரவும் கூடாது. பைபாஸ் செய்தவர்கள் மூட்டுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டால், குடலை இணைத்த இடத்தில் புண் வந்து ரத்தம் கசியும்.

முதல் சில வாரங்களில் நாடித்துடிப்பு 120ஐத் தாண்டினால், காய்ச்சலோ இடது தோள்வலியோ வந்தால், மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கினால் ராத்திரி என்றாலும் கிளம்புங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். பல வருடம் கழித்து வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி வந்து கேசுவால்ட்டிக்குப் போகிறவர்கள் வெறுமனே "பைபாஸ் பண்ணிருக்கு" என்று சொல்ல வேண்டாம். இதய பைபாஸ் என்று நினைத்து இ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே குடல் சிக்கியிருந்தால் அந்த நேரம்தான் முக்கியம்.

அந்தப் பெண்ணுக்குத் தயமின் ஊசி போட்ட இரண்டாம் நாளே கண் நேராகிவிட்டது. நடை இன்னும் தேறவில்லை, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். ஞாபகம் முழுதாகத் திரும்புமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். டிஸ்சார்ஜ் அன்று கணவர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஆபரேஷன் தேதி, "இரைப்பை ஸ்லீவ்", "குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி" என்று மூன்று வரி எழுதினேன். தன் செல்போன் கவருக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.