ஆரம்ப சுகாதாரம்: ஒரு கலைச்சொல் வந்த வழி

சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்க நம் நாட்டில் வைத்திருக்கும் கணக்கு இது. ஊரில் யாரும் அந்த முழுப் பெயரைச் சொல்வதில்லை, 'பி.எச்.சி.' என்பதோடு சரி. முழுப் பெயர் பெயர்ப்பலகையிலும் அரசாணையிலும் செய்தித்தாளிலும்தான் இருக்கிறது. அதில் உள்ள 'ஆரம்ப' என்ற சொல் மூலச்சொல்லின் பொருளில் பாதியைத்தான் தருகிறது, அதிலும் முக்கியமான பாதியை விட்டுவிடுகிறது என்பது என் கருத்து.

ஆங்கிலத்தில் 'பிரைமரி ஹெல்த் கேர்'. 'பிரைமரி'க்கு வேர் லத்தீனின் 'பிரைமாரியுஸ்'. முதல் வரிசையில் நிற்பது, தலைமையானது என்று பொருள். காலத்தால் முந்தியது என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்டு. தமிழில் 'ஆரம்பம்' என்று எடுத்தபோது காலப்பொருள் மட்டும் வந்தது, தலைமைப்பொருள் நின்றுவிட்டது. ஆரம்பப் பள்ளி, ஆரம்பக் கட்டம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, 'ஆரம்ப சுகாதாரம்' என்றால் சின்ன அளவில் ஏதோ கொடுப்பார்கள், உண்மையான வைத்தியம் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் தோன்றும். 'சுகாதாரம்' இன்னொரு சிக்கல். சுகத்துக்கு ஆதாரம் என்று பிரித்தால் அழகான சொல்தான். ஆனால் 'சுகாதாரச் சீர்கேடு' என்று செய்தி வந்தால் நாம் குப்பையையும் சாக்கடையையும்தான் நினைக்கிறோம். உடல்நலம், துப்புரவு இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது.

சரி, மூலச்சொல் எங்கிருந்து வந்தது? 1920இல் பிரிட்டனில் டாசன் பிரபு தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. வீட்டுக்கு அருகில் முதல்நிலை மையம், அதற்கு மேல் இரண்டாம் நிலை மையம், அதற்கும் மேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று அது அடுக்கியது. 'பிரைமரி ஹெல்த் சென்டர்' என்ற பெயர் அந்த அறிக்கையில் இருக்கிறது. அங்கே 'பிரைமரி' என்றால் நோயாளி முதலில் ஏறும் படி.

படி என்ற பொருளிலிருந்து தலைமை என்ற பொருளுக்கு அந்தச் சொல் வளர்ந்ததற்குப் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து செய்த வேலை காரணம். அதில் ஒரு முக்கியமான கட்டம் தமிழர்களின் கதையோடு சேர்ந்தது. 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கையின் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக உடலுக்குள் ஏறும் குடற்புழு அது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து போன தமிழர்கள். மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் ஒழுங்கான கழிப்பறை இல்லை, காலில் செருப்பும் இல்லை. புழு திரும்ப வந்தது. ஒரு நோயைத் தனியே பிடித்து ஒழித்துவிட முடியாது, கழிப்பறை, குடிநீர், பிரசவம், குழந்தை வளர்ப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து கிடைத்தது. 1926இல் இலங்கை அரசும் அந்த அறக்கட்டளையும் சேர்ந்து களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்றைத் தொடங்கின. மருத்துவ அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர், வீடு வீடாகப் போய்ப் பிரசவமும் பார்க்கும் மருத்துவ மாது என்று ஓர் அணியாக வேலை செய்யும் முறை அதன் வழியாகத்தான் இலங்கை முழுவதும் பரவியது. தாய் சேய் நலத்தில் இலங்கைக்கு இன்று இருக்கும் நல்ல பெயருக்கு இந்த மருத்துவ மாதுகள் பெரிய காரணம். பெயரைப் பற்றிய விளக்கத்தில் இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. சொல்லின் பொருளை மாற்றிய வேர்வை தோட்டங்களில் சிந்தியது என்பது தமிழ் வாசகர்களுக்கு அதிகம் சொல்லப்படவில்லை.

இந்தியாவுக்கு வந்த வழியும் சுற்றுவழிதான். ஜான் கிராண்ட் என்ற பொதுச்சுகாதார மருத்துவர் முதலில் பீக்கிங் மருத்துவக் கல்லூரியில் இருந்தார். அவருடைய மாணவர் சென் ஜிச்சியன், சீனாவின் திங்ஷியன் வட்டாரத்தில் கிராமத்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து நலப்பணியில் இறக்கினார். பிறகு கிராண்ட் கல்கத்தாவின் அகில இந்தியப் பொதுச்சுகாதாரக் கழகத்துக்கு இயக்குநராக வந்தார், அப்புறம் இந்தியாவின் மருத்துவ வசதிகளை ஆராய அமைத்த போர் குழுவிலும் உறுப்பினரானார். 1943இல் அமைத்த அந்தக் குழு 1946இல் கொடுத்த அறிக்கையில்தான் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேர் இருக்கிறது. இங்கே 'போர்' என்பது தலைவர் ஜோசப் போரின் பெயர், யுத்தம் அல்ல.

1978 செப்டம்பரில், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த அல்மா-ஆட்டாவில் 134 நாடுகள் கூடின. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்திய மாநாடு அது. நிறுவனத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் ஹால்ஃப்டன் மாலர். அங்கே வெளியிட்ட பிரகடனம் 'பிரைமரி ஹெல்த் கேர்' என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் சிகிச்சை ஒரு பகுதிதான். நலக்கல்வி, போதிய உணவு, பாதுகாப்பான குடிநீர், கழிப்பறை வசதி, தாய் சேய் நலம், தடுப்பூசி, அந்தந்த வட்டாரத்து நோய்களைத் தடுப்பது, சாதாரண நோய்களுக்கும் காயங்களுக்கும் வைத்தியம், அத்தியாவசிய மருந்துகள் எல்லாம் அதில் அடக்கம். மக்கள் தாங்களே முழுமையாகப் பங்கேற்க வேண்டும், நாட்டுக்குக் கட்டுப்படியாகும் செலவில் நடக்க வேண்டும் என்பதும் விளக்கத்திலேயே இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சி பெற்ற கிராமத்து 'வெறுங்கால் மருத்துவர்'களால் இந்தச் சிந்தனைக்கு உரம் போட்ட சீனா அந்த மாநாட்டுக்கு வரவில்லை என்பது வரலாற்றின் விசித்திரம்.

அடுத்த ஆண்டே சுருக்கம் தொடங்கியது. இவ்வளவும் செய்யப் பணம் இல்லை, சில நோய்களை மட்டும் தேர்ந்து கவனிப்போம் என்று 1979இல் ஒரு வாதம் எழுந்தது. வளர்ச்சிக் கண்காணிப்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி என்று 1980களில் யுனிசெஃப் முன்னெடுத்த திட்டம் அந்த வழியில் வந்தது. ஏராளமான குழந்தைகள் பிழைத்தார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குடிநீரும் உணவும் மக்கள் பங்கேற்பும் பட்டியலிலிருந்து நழுவின. ஏழைகளுக்கு மலிவான ஒரு பொட்டலம் என்ற எண்ணம் 'பிரைமரி'யோடு ஒட்டிக்கொண்டது. 'ஆரம்ப' என்ற நம் மொழிபெயர்ப்பு அந்தக் குறுகிய எண்ணத்துக்குத்தான் வசதியாகப் பொருந்துகிறது.

தலைமை என்ற பொருளில் 'பிரைமரி' என்றால் என்ன என்று காட்ட எனக்கு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தக் கதை தென்னாப்பிரிக்காவில் தொடங்குகிறது. 1940இல் தென்னாப்பிரிக்காவின் ஃபொலேலாவில், சூலு மக்கள் வாழும் கிராமப்பகுதியில், சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர் ஒரு நலமையம் தொடங்கினார்கள். 1957இல் அங்கே பயில வந்த அமெரிக்க மாணவர் ஜாக் கைகர், சுமார் பத்தாண்டில் அதே முறையை மிசிசிப்பியின் கறுப்பின மக்கள் வாழும் மவுண்ட் பேயுவில் நட்டார். அந்த மையம் கிணறு தோண்டியது, கழிப்பறை கட்டியது, பண்ணைக் கூட்டுறவு தொடங்கியது. ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கு மருந்துச்சீட்டில் உணவுப்பொருள்களை எழுதினார்கள். நிதி கொடுத்த அரசு மேலிடம் ஆட்சேபித்தபோது, ஊட்டக்குறைவுக்குப் பாடநூல் சொல்லும் மருந்து உணவுதான் என்று கைகர் பதில் சொன்னார்.

2009இல் அதே மிசிசிப்பியின் குழந்தை மருத்துவர் ஏரன் ஷெர்லி ஈரானுக்குப் போனார். இரு நாட்டுக்கும் தூதரக உறவே கிடையாது. ஆனாலும் ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகமும் ஷிராஸ் மருத்துவப் பல்கலைக்கழகமும் கைகோத்தன. ஷெர்லி பார்க்கப் போனது ஈரானின் கிராம நலவீடுகளை. சுமார் 1,500 பேருக்கு ஒரு நலவீடு, அதில் அந்த ஊரிலிருந்தே தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்த 'பெஹ்வர்ஸ்' என்ற நலப்பணியாளர். 'பெஹ்' என்றால் நல்ல, 'வர்ஸ்' என்றால் திறன். பிறப்பும் இறப்பும் ஊர்வாரியாகக் குறிக்கப்பட்ட வட்ட அட்டவணை ஒன்று சுவரில் தொங்கும், அதை உயிர் ஜாதகம் என்றே அழைக்கிறார்கள். பணக்கார நாட்டின் ஒரு மாநிலம் இதைக் கற்றுக்கொள்ளப் போனது என்றால், இதை 'ஆரம்ப' வைத்தியம் என்று எப்படிச் சொல்ல முடியும்? பன்னாட்டு மருத்துவ 'உதவி' என்று எழுதும் இடங்களில் 'கூட்டாண்மை' என்று எழுத வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான். 1980களில் டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டேனிடா சேலத்திலும் தென்னாற்காட்டிலும் துணை சுகாதார நிலையங்களுக்குத் துணை நின்றபோதும், வீடு வீடாக நடந்தவர்கள் நம் கிராம சுகாதார செவிலியர்கள்தான்.

இனி தமிழ்ச் சொல். முதல் என்பது தமிழில் வெறும் வரிசை எண் அல்ல. போட்ட பணமும் முதல், மரத்தின் அடியும் முதல். 'நோய்முதல் நாடி' என்ற குறளில் அது காரணம். 'முதன்மை' என்றால் தலைமை. பிரைமரியின் இரண்டு பொருளும் இந்த வேருக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. 'ஹெல்த் கேர்' என்பதற்கு 'நலப்பேணல்' போதும். சிகிச்சையும் அடங்கும், நோய் வராமல் காப்பதும் அடங்கும், குப்பை நினைவும் வராது. ஈரானியர் நலத்துறைக்கு வைத்திருக்கும் 'பெஹ்தாஷ்த்' என்ற சொல்லும் நலமாக வைத்துக்கொள்வது என்றுதான் பிரிகிறது.

ஆகவே, டாசன் சொன்ன அடுக்குமுறையைப் பேசும்போது முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று எழுதலாம். அல்மா-ஆட்டா சொன்ன முழுமையான கொள்கையைப் பேசும்போது 'முதன்மை நலப்பேணல்' என்று எழுதலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் குழம்பிக் கிடப்பதைத் தமிழில் இப்படிப் பிரித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஊர் நிலையங்களின் பெயர்ப்பலகையை மாற்ற வேண்டியதில்லை, பழகிய பெயர் பழகியபடியே இருக்கட்டும். கட்டுரை, பாடநூல், திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் 'ஆரம்ப சுகாதாரம்' என்று வரும் இடத்தில், குறிப்பது கட்டடத்தையா, நிலையையா, கொள்கையையா என்று பார்த்துச் சொல்லைப் போட்டால் போதும்.