எக்கோ எடுப்பவரின் முகத்தில் ரிப்போர்ட் இல்லை

எக்கோ (இதயத்தை அல்ட்ராசவுண்ட் ஒலியால் படமெடுக்கும் பரிசோதனை) எடுக்கும்போது திரையைப் பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் பார்ப்பது என் முகத்தைத்தான். நெஞ்சின் மேல் வைக்கும் கருவியான புரோபை ஒரே இடத்தில் வைத்து மறுபடி மறுபடி அளவெடுத்தால் போதும், படுத்திருப்பவரின் துடிப்பு கூடுவது திரையின் ஓரத்திலேயே தெரியும். "ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். "டாக்டர் சொல்வார்" என்பேன். அவ்வளவுதான், அவருக்கு அன்றைய தூக்கம் போய்விடும்.

நாங்கள் மறுபடி மறுபடி அளவெடுப்பதற்கும் பேசாமல் இருப்பதற்கும் காரணம் சாதாரணமானது. அல்ட்ராசவுண்ட் ஒலி காற்றைத் தாண்டிப் போகாது. இதயத்துக்கு முன்னால் நுரையீரலும் விலா எலும்பும் இருக்கின்றன. அதனால்தான் இடப்பக்கம் திரும்பச் சொல்கிறோம், மூச்சைப் பிடிக்கச் சொல்கிறோம், படம் தெளியும்வரை புரோபை நகர்த்துகிறோம். துடிப்பு சீராக இல்லாதவர்களுக்குப் பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். நேரம் கூடினால் நோய் பெரிது என்று அர்த்தமில்லை. முடிவைச் சொல்வதும் எங்கள் வேலை இல்லை. படத்தோடு உங்கள் வயது, தொந்தரவு, ரத்த அழுத்தம், மற்ற பரிசோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் பேச முடியும். ஒரே அளவு முப்பது வயதுக்காரருக்கு ஒன்றைச் சொல்லும், எழுபது வயதுக்காரருக்கு வேறொன்றைச் சொல்லும்.

அடுத்த கலக்கம், ரிப்போர்ட் கைக்கு வந்து மருத்துவரைப் பார்ப்பதற்கு நடுவில் இருக்கும் நேரத்தில் வரும். "பம்பிங் 60 சதவீதம்தான் இருக்கு, மீதி 40 எங்கே போச்சு?" என்று கலங்கிப்போய்க் கேட்பவர்கள் நிறைய பேர். நல்ல இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளிவிடாது. ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதம் என்பதே இயல்பு. 60 என்றால் நன்றாகவே வேலை செய்கிறது. வால்வில் 'மைல்டு', 'டிரிவியல்' லீக் என்று எழுதியிருப்பதும் அப்படித்தான். கருவி நுணுக்கமானது, எந்த நோயும் இல்லாதவர்களிடமும் இந்தச் சிறு கசிவுகளைக் காட்டிவிடும். பார்த்ததை எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறோம்.

ஈ.சி.ஜி. தாளின் மேல் அச்சாகி வரும் வரிகளை இன்னும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். அவை கருவியின் கணிப்பு. ஒட்டிய ஒயர் சற்று இடம் மாறினாலும், உடம்பு நடுங்கினாலும் 'அப்நார்மல்' என்று அச்சடிக்கும். மறுபக்கமும் உண்டு: வழக்கமான ஈ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் 10 விநாடிகளை மட்டுமே. அது நார்மல் என்பதாலேயே ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் ஈ.சி.ஜி. நன்றாக இருந்தும் ட்ரெட்மில் (நடக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி.), சி.டி. ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) என்று அடுத்த பரிசோதனைக்கு எழுதுகிறார்கள். "ஏதோ மறைக்கிறாங்க" என்று நினைக்க வேண்டியதில்லை.

ட்ரெட்மில்லில் 'பாசிட்டிவ்' என்று வருவதும் தீர்ப்பு அல்ல. அடைப்பே இல்லாதவர்களுக்கும் அப்படி வருவதுண்டு, குறிப்பாகப் பெண்களுக்கு. அது அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறது. நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டி அனுப்பினால் அன்றைக்கு மட்டும் ஓய்வாகப் படுத்துவிடாதீர்கள். வழக்கமான வேலைகளைச் செய்தால்தான் வழக்கமாக வரும் படபடப்பும் பதிவாகும். எத்தனை மணிக்கு என்ன செய்தது என்று குறித்து வையுங்கள். குறிப்பே இல்லாமல் திரும்பி வரும் ஹோல்டரை நான் பாதிப் பரிசோதனை என்றுதான் சொல்வேன்.

அவசரப் பிரிவில் காத்திருப்பது வேறு ரகம். டிரோபோனின் ரத்தப் பரிசோதனை நார்மல் என்று சொல்லிவிட்டு, சில மணி நேரத்தில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டால் அந்தப் புரதம் ரத்தத்தில் ஏறச் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே முதல் அளவைவிட, இரண்டுக்கும் இடையில் ஏறியதா என்பதுதான் முக்கியம். இங்கே காத்திருப்பதும் பரிசோதனையின் ஒரு பகுதிதான். முதல் முடிவைக் கேட்டதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

சரி, வீட்டில் காத்திருக்கும்போது? பயத்தில் சுரக்கும் அட்ரினலின் துடிப்பைக் கூட்டும். கூடிய துடிப்பைத் தொட்டுப் பார்த்து இன்னும் பயப்படுவோம். இரவு அமைதியில் இடப்பக்கமாகப் படுத்தால் ஒவ்வொரு துடிப்பும் நன்றாகவே உணரப்படும். நிமிடத்துக்கு ஒருமுறை நாடி பிடித்துப் பார்ப்பதால் எந்தத் தகவலும் கூடுதலாகக் கிடைக்காது. ஸ்மார்ட் வாட்ச் துடிப்பின் ஒழுங்கைக் கவனிக்கும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. அது சொல்லும் நல்ல செய்தியை நம்பி வலியை ஒதுக்குவது ஆபத்து.

பரிசோதனை முடிந்து கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: முடிவு எப்போது வரும், யார் சொல்வார்கள், அதுவரை நடைப்பயிற்சி, வேலை, வண்டி ஓட்டுவது எல்லாம் செய்யலாமா. மயங்கி விழுந்ததற்காகப் பரிசோதனைக்கு வந்தவர்கள் வண்டி ஓட்டுவது பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். சொன்ன நாளில் யாரும் கூப்பிடவில்லையென்றால் நீங்கள் கூப்பிடுங்கள். "ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் நார்மல்தான்" என்று இருந்துவிட்டு, எங்கோ ஒதுங்கிப்போன ரிப்போர்ட்டால் சிகிச்சை தள்ளிப்போகலாம்.

அப்புறம், நெஞ்சில் அழுத்தமோ வலியோ வந்து சில நிமிடங்களில் விடாமல் இருந்தால், கை, தாடை, முதுகு என்று பரவினால், வியர்த்துக்கொட்டினால், மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால் ரிப்போர்ட் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள், நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். பழைய ஈ.சி.ஜி. கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் எடுத்துப் போங்கள். புதியதோடு ஒப்பிட உதவும். அதைத் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம்.