பூலித்தேவரின் கூட்டணி எங்கே விட்டுப்போனது?

பாளையக்காரர் படை என்று ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோம். அப்படி ஒரு படையே கிடையாது. திருநெல்வேலிச் சீமையில் ஒவ்வொரு பாளையத்துக்கும் தனிக் கோட்டை, தனி ஆள்கட்டு, தனிக் காவல் எல்லை. படையாளுக்குக் கூலி பெரும்பாலும் மானிய நிலம்தான். நிலம் கொடுத்தவர் சொன்னால் ஈட்டியைத் தூக்குவான். பக்கத்துப் பாளையத்தார் சொன்னால் எதற்குத் தூக்கவேண்டும்? பத்துப் பாளையம் கூடினாலும் உத்தரவிடும் வாய் பத்து.

இந்தக் கோளாறு முதலில் மாட்டிவைத்தது கிழக்கிந்தியக் கம்பெனியைத்தான். 1755-இல் தெற்கே வந்த படைக்கு இரண்டு தலை: கம்பெனியின் கர்னல் ஹெரான், ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கான். ஒருவருக்குக் கணக்குக் கேட்பவர் சென்னையில், மற்றவருக்கோ குடும்பப் பங்குதான் கணக்கு. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்கே ஹெரான் குத்தகைக்கு விட்டார். கம்பெனியை எதிர்த்துக் கூட்டணி சேர்த்த பாளையக்காரர் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லாமல் ஹெரான் திரும்பினார். பிறகு விசாரணை, பதவி நீக்கம். சில காலத்தில் மாபூஸ்கானும் கம்பெனியோடு முறைத்துக்கொண்டு பூலித்தேவர் பக்கமே போய்விட்டார்.

ஒரே உத்தரவில் நடந்த சண்டை எப்படியிருக்கும் என்பதற்கு 1759 டிசம்பரில் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டையை கம்பெனித் தளபதி யூசுப்கான் முற்றுகையிட்டதைப் பார்க்கவேண்டும். மண்சுவரில் குண்டு பட்டால் கல்சுவர் மாதிரி பிளந்து சரியாது, புதைந்துவிடும். ஒரே இடத்தில் நாள்கணக்கில் அடித்தால்தான் வழி திறக்கும். அதற்கேற்ற வெடிமருந்தும் குண்டும் கையிருப்பில் வேண்டும். யூசுப்கான் சுடச்சுட, நெற்கட்டும்செவலிலிருந்து பூலித்தேவர் ஆட்களோடு வந்து முற்றுகைப் படையின் மேல் விழுந்தார். அதே நேரம் உள்ளேயிருந்தவர்களும் கோட்டையை விட்டு வெளியே பாய்ந்தார்கள். யூசுப்கான் பின்வாங்கினார். வெளியடியும் உள்ளடியும் ஒரே வேளையில் விழுந்ததுதான் இதில் சூட்சுமம். கொஞ்சம் முன்பின்னாகியிருந்தால் முற்றுகைக்காரன் இரண்டையும் தனித்தனியே சமாளித்திருப்பான்.

ஆனால் இந்த ஒழுங்கு பூலித்தேவரின் சொல் செல்லும் மேற்குப் பாளையங்களோடு நின்றுவிட்டது. கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் நாயக்கர்கள் 1755-56-இல் அவரோடு சேரவில்லை. மறவர் பாளையம், நாயக்கர் பாளையம் என்ற பழைய பிளவு ஒருபுறம். அவர்களுடைய பிணையாட்கள் கம்பெனி கையில் இருந்தது இன்னொருபுறம். என் கணக்கில் இரண்டாவதுதான் கனமான காரணம்.

திருவிதாங்கூர் கதை வேறு. அவர்களுக்குக் களக்காட்டின் மேல் கண். அதுவரை பூலித்தேவர் பக்கம் இருந்தவர்களை, களக்காட்டைக் கொடுத்து யூசுப்கான் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். துப்பாக்கி வெடிக்காமலே கூட்டணியின் தென்மேற்குக் கதவு திறந்தது. கூட்டாளிகள் அத்தனை பேரையும் கட்டிப்போடும் ஒரு பொது வரவு, ஒரு பொது எல்லை இருந்திருந்தால் இந்தப் பேரம் படிந்திருக்காது. வெற்றியில் யாருக்கு எது என்று முன்கூட்டியே பேசித் தீர்க்காத கூட்டணியில், ஒவ்வொருவருக்கும் தனி விலை உண்டு.

இந்தப் பக்கம் யூசுப்கானுக்கு வரி வசூல், படை இரண்டும் ஒரே கை. பட்டாளத்துக்குச் சம்பளம் எங்கிருந்து, அடுத்த கோட்டை எது என்பதை யாரோடும் பேரம் பேசாமல் முடிவு செய்ய முடிந்தது. 1761-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் விழுந்தன. இம்முறை வெளியிலிருந்து வந்து அடிக்க ஆளில்லை.

பிறகும் இந்தப் பிளவு ஆறவில்லை. 1799 செப்டம்பரில் கம்பெனித் தளபதி பானர்மேன் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியைச் சூழ்ந்தபோது எட்டயபுரத்து ஆட்கள் நின்றது கம்பெனி அணியில். தப்பிப்போன கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு.