பத்துப் பேரோடு ஒரு சண்டை: கைதட்டலுக்கு அப்புறம்

படத்தொகுப்பு வகுப்பில் சண்டைக் காட்சி என்றால் நான் போட்டுக் காட்டுவது 2008-இல் வந்த 'இப் மேன்'. அதே பெயரில் நிஜமாகவே வாழ்ந்த சீனக் குங்ஃபூ ஆசானைப் பற்றிய படம். இப் மேனாக நடிக்கும் டானி யென் பத்து ஜப்பானியக் கராத்தே வீரர்களை ஒரே நேரத்தில் எதிர்கொள்ளும் இடத்தில் மாணவர்கள் கைதட்டிவிடுவார்கள். எனக்கே இன்னும் உடம்பு சிலிர்க்கும். அதனால்தான் அங்கே படத்தை நிறுத்திவிட்டு முன்பகுதிக்குப் போகிறேன்.

அங்கே அதே மனிதர், வம்புக்கு வந்தவனோடு தன் வீட்டுக்குள் மோதுகிறார். முழு வேகத்தில் அடிப்பதில்லை. திருப்பி அடிக்காவிட்டால் வீட்டுச் சாமானெல்லாம் உடைந்துவிடும் என்று அம்மா சொன்னதாக, மூன்று சக்கர வண்டியில் வந்து மகன் சொல்கிறான். அதற்கு அப்புறம்தான் கை வேகமெடுக்கிறது. பின்பகுதியில், ஜப்பான் ராணுவம் ஊரைப் பிடித்த பிறகு, அரிசிக்காகச் சண்டை போட வந்த சக ஆசானை ஜப்பானியர் சுட்டுக் கொல்கிறார்கள். இப்போது அதே கைகள் எலும்பை முறிக்கின்றன. விழுந்தவன் மீதும் குத்து நிற்பதில்லை. கோபம் வளர்ந்த விதத்தைச் சண்டை அமைத்த சம்மோ ஹங் அடியிலேயே சொல்லிவிட்டார். பெயர் கேட்டால், தான் ஒரு சீனன், அவ்வளவுதான் என்கிறார் இப் மேன். ஒருவருடைய துக்கம் அந்தப் பதிலில் நாட்டின் கோபமாகிவிடுகிறது.

சரி, கதையாக இது அபாரம். ஆனால் பலர் இதை வரலாறு என்றே நம்பிவிடுகிறார்கள். என் கவலை அதுதான். ஜப்பானியத் தளபதி மியூரா கற்பனைப் பாத்திரம். அவரை மேடையில் வீழ்த்தி, குண்டடிபட்டு ஹாங்காங்குக்குத் தப்புவதும் கற்பனை. ஜப்பான் சரணடைந்தது 1945-இல். இப் மேன் தன் ஊரான ஃபோஷானை விட்டுப் போனது 1949-இல், கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபோது. அவர், கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற தேசியவாதக் கட்சியான கோமிண்டாங் அரசின் காவல்துறையில் வேலை பார்த்தவர். படத்தில் இதெல்லாம் கிடையாது. சீனர்களுக்குள் நடந்த போர் மறைந்து, வெளியிலிருந்து வந்த எதிரி மட்டும் மிஞ்சுகிறான்.

ஜப்பானிய ராணுவத்தின் கொடுமை கற்பனையல்ல. 1937-இல் அப்போதைய சீனத் தலைநகர் நான்ஜிங்கில் ஜப்பானிய ராணுவம் நடத்திய படுகொலையை யாரும் மறக்க முடியாது. அந்த வலி உண்மை என்பதால்தான் நடக்காத சண்டையையும் நம்பத் தோன்றுகிறது. 1972-இல் புரூஸ் லீ நடித்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி'யில் ஜப்பானியரை எதிர்க்கும் நாயகன் சென் ஜென்னும் கற்பனை மனிதர்தான்.

அந்தக் காட்சியை இரண்டாம் முறை சத்தமில்லாமல் ஓட்டுவேன். அடி வாங்கும் முகம் எவ்வளவு நேரம் திரையில் இருக்கிறது என்று எண்ணச் சொல்வேன். அப்புறம் அந்தப் பத்துப் பேரில் யாருடைய பெயராவது தெரியுமா என்று கேட்பேன். இதுவரை யாரும் சொன்னதில்லை.