லீவில் போகும்போது மெயிலில் என்ன எழுதி வைக்கிறீர்கள்?

'ஐ ஆம் அவுட் ஆஃப் ஆபீஸ்' என்று தானாகப் பதில் போகும்படி மெயிலில் போட்டுவிட்டுத்தான் பலரும் லீவில் கிளம்புகிறார்கள். நான் இப்போது வேலையில் இல்லை, உடனே பதில் வராது என்று பொருள். சொந்த லீவு, வேலைப் பயணம், பயிற்சி வகுப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும். சுருக்கமாக 'ஓஓஓ' என்பார்கள். மைக்ரோசாஃப்டில் மட்டும் 'ஓஓஎஃப்'. அங்கே முன்பு இருந்த ஸீனிக்ஸ் என்ற பழைய மெயில் அமைப்பின் காலத்து 'அவுட் ஆஃப் ஃபெசிலிட்டி' அப்படியே நிலைத்துவிட்டது.

அலுவலகத்தில் இல்லை என்பதோடு நிறுத்தினால் சரி. நிறுவனங்களின் மெயில் பாதுகாப்பைக் கவனிக்கும் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது இது: "மே 12 முதல் 23 வரை குடும்பத்துடன் சிங்கப்பூரில் இருப்பேன். போனில் பிடிக்க முடியாது. பில், பேமென்ட் விஷயங்களுக்கு இன்னாரிடம் பேசவும்." கீழே அந்த இன்னாரின் பதவி, செல்போன் எண்.

நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் யார் மெயில் போட்டாலும் இந்தப் பதில் போகும். மோசடிக்காரன் சும்மா ஒரு மெயில் தட்டினாலே போதும். அதிகாரி எத்தனை நாள் இருக்க மாட்டார், பணம் யார் கையில், அவரால் மேலே கேட்டு உறுதி செய்ய முடியுமா என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். வீடு பூட்டிக் கிடக்கும் என்பதும் சேர்த்துத்தான்.

ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு மேலாளர் இப்படி லீவில் போயிருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண்ணுக்கு, வழக்கமான சப்ளையர் பெயரில் மெயில் வந்தது: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. சாரிடம் சொல்லிவிட்டோம். பில் தொகையை இன்றே புதுக் கணக்கில் போடுங்கள்." அனுப்பிய முகவரியில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றன. திரையில் பார்த்தால் 'எம்' போலவேதான் தெரியும். அந்தப் பெண் மெயிலில் இருந்த எண்ணைத் தொடவில்லை. பழைய பில்லைத் தேடி எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். சப்ளையர் கணக்கை மாற்றவே இல்லை. பணம் தப்பியது. 'இன்றே' என்று ஒருவர் நெருக்கும்போது ஃபைலைப் புரட்ட நிதானம் வேண்டும். அவரை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அவுட்லுக்கில் அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று என இரண்டு பதில்கள் வைக்கலாம். தேதி, பொறுப்பில் இருப்பவர் பெயர் எல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் போகட்டும். வெளியாருக்கு இவ்வளவு போதும்: "இப்போது அலுவலகத்தில் இல்லை. வந்ததும் பதில் எழுதுகிறேன். அவசரம் என்றால் அலுவலகப் பொது எண்ணை அழைக்கவும்." ஜிமெயிலில், தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் பதில் போகும்படி டிக் அடித்துக்கொள்ளலாம்.

அப்புறம், பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே வங்கிக்குச் சொல்லிவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. சார் லீவு முடிந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.