சாயத்தண்ணியும் டீதான், அக்கா

மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை. ஹீமோகுளோபின் போன முறையும் 7.8, இந்த முறையும் 7.8. "மாத்திரையெல்லாம் நம்ம உடம்புக்குக் கேக்காது டாக்டரம்மா, ஊசியா போட்டுவிடுங்க" என்றார் அந்த அக்கா. நீலகிரி மலையில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியும் மூச்சிரைப்பு அடங்கவில்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது.

மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"காலையில பெரட்டுக்குக் கிளம்புறப்போ, சாயத்தண்ணியில." பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம். சாயத்தண்ணி என்றால் பால் ஊற்றாத டீ.

இந்த மாதத்தில் இவர் ஐந்தாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீயோடு இரும்பு மாத்திரை கூடாது என்றதும் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "பால் ஊத்தலையே!" பால்தான் குற்றவாளி, வெறும் டீ தண்ணீர் மாதிரி என்று இந்த மலை முழுக்க யார் பரப்பினார்களோ! இரும்பைப் பிடித்து வைப்பது இலையின் துவர்ப்பு. நாக்கைச் சுருக்கென்று இழுக்கிறதே, நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிய விரலில் கறுப்பாக ஏறி சோப்புக்கும் போகாமல் நிற்கிறதே, அந்தச் சரக்குதான். வயிற்றுக்குள் அது இரும்போடு ஒட்டிக்கொண்டால் குடலால் பிரித்து எடுக்க முடியாது. பால் ஊற்றினால் பாலில் உள்ள கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும், அவ்வளவே. பால் இல்லாததால் டீ நல்லவனாகிவிடாது. கட்டன் சாயா என்று பெயரை மாற்றினாலும், சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டாலும், கிரீன் டீ என்று அழகான டப்பாவில் வாங்கினாலும் அதே இலை, அதே துவர்ப்பு. காப்பியும் தடுக்கும், டீ அளவுக்கு இல்லை. சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் டீ குடித்தாலே அந்தச் சாப்பாட்டிலிருந்து சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் சேராமல் போய்விடும்.

(என் மாமனாருக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது. இதைப் படித்தால் இரண்டு நாள் என்னோடு பேச மாட்டார்.)

டீயை விடச் சொல்லவில்லை. இந்த மழையில், இந்தக் குளிரில் அதைச் சொல்ல எனக்கே மனசு வராது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீயைத் தள்ளி வையுங்கள். காலையில் முடியாதா? இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது தண்ணீரில் போடுங்கள். அதில் அரை எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. வயிற்றைப் புரட்டினால் நீங்களாக நிறுத்த வேண்டாம், கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள், சிலருக்கு அப்படித்தான் நன்றாகச் சேருகிறது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் நிறுத்துகிறவர்களிடம்தான் எனக்கு அடுத்த சண்டை. உடம்பு தன் சேமிப்பை நிரப்பிக்கொள்ள இன்னும் மூன்று மாதமாவது வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். கூடவே கால்சியம் மாத்திரையும் தருவார்கள். இரண்டையும் உள்ளங்கையில் சேர்த்து ஒரே மடக்கில் விழுங்குகிறீர்களே, அதை நிறுத்துங்கள் தாயே. கால்சியம் சாப்பாட்டோடு, இரும்பு சாப்பாட்டை விட்டுத் தள்ளி. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் இரும்பையோ கால்சியத்தையோ தொடக்கூடாது.

ரத்தம் குறைவு என்றாலே இரும்பு என்று கடையில் கேட்டு வாங்குவதும் தப்பு. மாதவிலக்கில் அளவுக்கு மீறிப் போகிறதா, குடலில் கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரை கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. நம் மலையில் இன்னொன்றும் உண்டு. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தக்கோளாறு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். அந்த நோய் இருப்பவருக்கு ரத்தம் குறைவதன் காரணமே வேறு. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர் உடம்பில் இரும்பு ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கலாம். சோதித்துப் பார்க்காமல் அவர்களுக்கு இரும்பு கொடுக்கக் கூடாது.

அக்கா போன அதே மதியம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், ராத்திரிக்கு ஆறேழு முறை சிறுநீர். சர்க்கரை வந்துவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்தார். சர்க்கரை இல்லை. ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி 13-ஐத் தாண்டியிருந்தது, சிறுநீரகமும் திணற ஆரம்பித்திருந்தது. கோயம்புத்தூரில் யாரோ வைட்டமின் டி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம். சீட்டில் ஆங்கிலக் கிறுக்கலாக இருந்த 'வாரம்' அவர் கண்ணில் படவில்லை. இரண்டு மாதமாகத் தினம் ஒன்று விழுங்கியிருக்கிறார். "சத்து மாத்திரைதானேம்மா, மிஞ்சினா வெளிய போயிடும்னு நெனச்சேன்."

போகாது சார். பி, சி வகை வைட்டமின்கள்தான் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போகும். டி கொழுப்பில் தங்கும், மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும், இன்று நிறுத்தினாலும் வடிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 600 யூனிட் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அந்த ஒரு மாத்திரையில் நூறு நாள் தேவை அடங்கியிருக்கிறது. வாரத்தில் ஒரு கிழமையை முடிவு செய்து, நாட்காட்டியில் வட்டம் போட்டு, எண்ணெயோ நெய்யோ சேர்ந்த மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். எட்டு வாரம் முடிந்தால் முடிந்தது. மலையில் வெயில் இல்லை என்று நீங்களாக அடுத்த அட்டை வாங்காதீர்கள்.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்கள், கால் மரத்துப்போனால் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது வைட்டமின் ஏ மாத்திரையோ மீன் ஈரல் எண்ணெயோ யாரையும் கேட்காமல் வேண்டவே வேண்டாம், குழந்தையைப் பாதிக்கும். சிவப்புச் சர்க்கரைப்பூச்சு இரும்பு மாத்திரை குழந்தை கண்ணுக்கு மிட்டாய். ஒரு கைப்பிடி தின்றால் உயிரே போகலாம். சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற வழக்கத்தை விடுங்கள், அங்கேதான் குழந்தையின் கை முதலில் போகும்.

டாக்டரைப் பார்க்க வரும்போது வீட்டில் இருக்கிற அட்டை, டப்பா, சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். "அந்த மஞ்சக் கலர் மாத்திரை" என்றால் எனக்குத் தெரியாது.

ஆசிரியரை டிரிப்ஸ் ஏற்ற ஊட்டிக்கு அனுப்பினேன். அக்காவுக்கு ஊசி போடவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு டிவியில் நாடகம் முடிந்ததும் போட்டுக்கொள்வதாகப் பேசி முடித்திருக்கிறோம். நான்கு வாரம் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிக் கேட்டார்: "அப்ப ஒன்பது மணிக்கு ஒரு வாய் டீ குடிச்சிட்டு போடலாமா?"